இரண்டு மில்லிமீட்டர்

ஓவுலுவில் நவம்பர் கடைசியில்
மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது.
அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் இரண்டாம் மாடியில்
தௌனோ ஹில்துலா
ஒரு பால் பெட்டியின் வாயை
நூற்றுப் பன்னிரண்டாவது முறை மடிக்கிறான்.

கேட்டது சின்ன விஷயம்தான்.
ஒற்றைக் கையால் திறக்க வேண்டும்.
சிந்தக் கூடாது.
சொல்ல ஒரு மூச்சு போதும்,
செய்ய எட்டு மாதம் போதவில்லை.

இதுவரை கோபத்தோடுதான் மடித்தான்.
கோபத்துக்கு ஒரே வழிதான் தெரியும்,
அதையே இன்னும் அழுத்திச் செய்யும்.
பூட்டிய கதவைத் தோளால் இடிப்பவனுக்குப்
பக்கத்துச் சன்னல் திறந்திருப்பது தெரிவதில்லை.
கத்தி நழுவியது.
கட்டைவிரலில் மூன்று தையல்.
பெட்டி அப்படியேதான் இருந்தது.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை
பிரசவ விடுப்பு முடிந்து வந்த சிர்க்கா
ஒரு பை நிறைய இலவங்கப்பட்டை ரொட்டி கொண்டுவந்தாள்.
இல்போ, நூற்றுப் பத்து கிலோ,
ஒன்றை வாயில் கவ்வியபடி உட்கார்ந்தான்.
நாற்காலி மெதுவாக, மிக மரியாதையாக,
நாலு காலையும் நாலு திசைக்கு நீட்டிப் படுத்தது.
தரையில் கிடந்த இல்போ
ரொட்டியை மட்டும் விடவில்லை.

சிரித்தார்கள். நின்றது என்று நினைத்தபோது
யாரோ மூக்கால் ஒரு சத்தம் எழுப்ப
மறுபடி சிரித்தார்கள்.
தௌனோ கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தான்.
அது வாத்தின் அலகு.
பாதிரியாரின் காலர். பூனையின் காது.
உள்பக்கம் வெளியே வந்த குழந்தையின் கையுறை.
அன்று
எல்லாமே எல்லாவற்றையும் போல இருந்தது.
நெய்க்கறை படிந்த ரொட்டிப் பையில்
இருபத்தேழு படம் வரைந்தான்,
ஒன்றையும் அடிக்கவில்லை.
மகிழ்ந்த மூளை ஊதாரி,
வருகிறவர்களுக்கெல்லாம் இலை போடும்.

மறுநாள் வெட்டி ஒட்டிப் பார்த்தால்
வாத்து பாதியை மேசையிலும்
பாதியை அவன் சட்டைக் கையிலும் ஊற்றியது.
காலர் திறக்கவே இல்லை.
பை இழுப்பறைக்குப் போனது.

பிப்ரவரியில் நீதிமன்றக் கடிதம் வந்தது.
பதினோரு வருடம், இரண்டே பக்கம்.
ஹெல்கா பூனையை எடுத்துக்கொண்டாள்,
காப்பி இயந்திரத்தை விட்டுப் போனாள்.
வீட்டின் அமைதி தாங்காமல்
ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வந்தான்.

புதிதாக ஒன்றும் தோன்றவில்லை.
தோன்றும் என்று எதிர்பார்க்கவும் இல்லை.
சும்மா இழுப்பறையைக் காலி செய்தான்.
துக்கத்துக்கு அவசரம் கிடையாது,
செல்லாக்காசையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கும்.
பத்தொன்பதாம் படம், கையுறை.
கட்டைவிரல் முளைக்கும் இடத்தில் மடிப்புக்கோடு
இரண்டு மில்லிமீட்டர் மேலே இருந்தது.
டிசம்பரில் அவன் கண்ணுக்கு அது ஒரு கோடு.
இப்போது தப்பு.

கோட்டை இறக்கினான்.
இடது கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு
வலது கட்டைவிரலால் தள்ளினான்.
வாய் திறந்தது.
பால் ஒரு நூலாக, முறியாமல், கோப்பைக்குள் இறங்கியது.
காட்டுவதற்கு அந்த மாடியில் யாரும் இல்லை.
நகை, அழுகை என்று நாம் எண்ணிவைத்த
எட்டு மெய்ப்பாட்டில் எதிலும்
அவன் முகத்தைச் சேர்க்க முடியாது.
பாலைக் குடித்தான். கோப்பையைக் கழுவினான்.

ஏப்ரலில் நிர்வாகம் கேட்டது:
எந்த முறையில் கண்டுபிடித்தீர்கள்?
'படிப்படியான பரிசோதனை' என்று எழுதிக் கொடுத்தான்.
நாற்காலியைப் பற்றி எழுதவில்லை.
பூனையைப் பற்றியும் எழுதவில்லை.
மிக நன்று, பழச்சாறுப் பெட்டியையும்
இதே முறையில் ஜூனுக்குள் முடியுங்கள் என்றார்கள்.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு
இல்போவின் புது நாற்காலி அருகே குனிந்தான்.
ஒரு திருகாணியைச் சட்டைப்பைக் கத்தியால்
அரைச் சுற்று தளர்த்தினான்.
கொஞ்ச நேரம் அப்படியே குந்தியிருந்தான்.
பிறகு
அதே அரைச் சுற்றைத் திருப்பி இறுக்கினான்,
ஒருமுறை உட்கார்ந்தும் பார்த்தான்.
ஆடவில்லை.