தண்டனைப் பெட்டியின் கதவு

ஏழாவது ஆட்டம். மூன்றாவது கூடுதல் நேரம்.
சஸ்காட்செவனில் மணி பன்னிரண்டே கால்.
பாப்கார்ன் தீர்ந்துவிட்டது, ஒருத்தரும் எழுந்துபோகவில்லை.

என் வேலை இந்தக் கதவு.
பகலில் தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுவேன்.
பிளேஆஃப் இரவுகளில்
தப்புச் செய்த பையன்களை
இரண்டிரண்டு நிமிடம் அடைத்துவைப்பேன்.

ஓலெக்ஸின் வந்து பெஞ்சில் விழுந்தான்.
"நான் இடறிவிடவேயில்லை, மார்லா."
இடறிவிட்டதைப் பார்த்தேன்.
தண்ணீர்ப் புட்டியை நீட்டினேன்.

வயது இருபது.
அதற்குமேல் ஜூனியர் லீக்கில் இடமில்லை.

ஒன்று நாற்பது.
ஒன்று பத்து.
கண்ணாடியில் மூச்சு படிகிறது,
கையுறையால் துடைக்கிறான்,
மறுபடி படிகிறது.

முப்பத்தெட்டு நொடி மிச்சமிருக்க
எங்கள் வலைக்குப் பின்னால் சிவப்பு விளக்கு.

கோல் விழுந்தால் தண்டனை முடிந்தது, விதி அப்படி.
பழக்கதோஷம், கதவைத் திறந்துவிட்டேன்.
எதிர்க்கோடியில் அவர்கள்
ஒருவர்மேல் ஒருவராகக் குவிகிறார்கள்,
ஐஸ் முழுக்க அநாதையாய்க் கையுறைகள்.

அவன் எழவில்லை.
பலகையில் உறைந்த எண்ணைப் பார்த்தபடி
உதடசைத்து எண்ணினான்,
முப்பத்தெட்டு, முப்பத்தேழு...

கை குலுக்கும் வரிசை
அவன் ஓர் ஆள் குறைவாய்
நகரத் தொடங்கியது.
கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
பதினொன்றில் இருந்தான்.
குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது.