எழும்பேல்லை

காலை ஐந்தரைக்கு
மல்லாவிப் பால் சேகரிப்பு நிலையத்தின் சட்டரை உயர்த்துகிறேன்.
ஈரத் தரை. குளோரின் மணம்.
முந்தநாள் வந்த மின்னஞ்சல்
கைபேசியில் இன்னும் திறந்தபடி.

"தங்கள் ஆக்கம் கிடைத்தது. மகிழ்ச்சி.
ஆயினும்"

ஆயினும் என்ற சொல்லுக்குப் பிறகு
நான் ஒழுங்காக வாசிப்பதில்லை.

பன்னிரண்டு பக்கம். முப்பத்தொன்பது சொல்.
ஒரு எருமைக்கன்று வவுனிக்குளத்துக்குள் இறங்குகிறது.
தாய் கூப்பிடுகிறது. எழும்பேல்லை.
கொக்கு முதுகில் குந்துகிறது. எழும்பேல்லை.
மழை வருகிறது.
தண்ணிக்குள் இருப்பவருக்கு மழை என்ன. எழும்பேல்லை.
கடைசிப் பக்கத்தில் நிலவும்
இரண்டு மூக்குத் துவாரமும்.
அவ்வளவுதான் கதை.

எனக்குப் படம் கீறத் தெரியாது.
"இங்கே கறுப்பு. இங்கே இன்னும் கறுப்பு"
என்று ஓரத்தில் எழுதி அனுப்பியிருந்தேன்.

கொழும்புக்காரர் கேட்டார், இதில் படிப்பினை எங்கே?
அடம்பிடித்த கன்றை முதலை பிடித்தால் பரிசீலிக்கலாம்.
சென்னையில் ஒருவருக்கு
எழும்பேல்லை என்பது அச்சுப்பிழை.
யாழ்ப்பாணத்தார் கடிதம் போடவில்லை,
ஆரோ பஸ்ஸில் கண்ட ஆளிடம் சொல்லிவிட்டார்:
பக்கம் முழுக்கக் கறுப்படிக்க
மை என்ன விலை தெரியுமோ,
அந்தப் பிள்ளையை முயலுக்கு மாறச் சொல்லுங்கோ.

முயல்.
வெள்ளை முயல்.
ஒரு கிழமை முயன்றுதான் பார்த்தேன்.
குளத்தில் இறக்கினால் தாண்டுபோகிறது.

அழவில்லை என்று சொல்லமாட்டேன்.
குளிர்த்தாங்கிக்குப் பின்னால்,
மோட்டர் ஓடுகிற சத்தத்துக்குள்.

வரிசை நீளுகிறது.
பால்மானியை விடுகிறேன்.
இருபத்தொன்பது, ஊற்று. இருபத்தெட்டரை, ஊற்று.
தவமலரக்காவின் கான்
இருபத்துநாலு.

"எடுக்கேலாதக்கா."

இதைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சும் செலவில்லை.
ஐந்து வருடமாகச் சொல்கிறேன்.
சொல்லிவிட்டுக் குனிந்து
கொப்பியில் சிவப்புக் கோடு கீறுவேன்.
ஆயினும் கூடச் சொன்னதில்லை.
முகத்தையும் பார்த்ததில்லை.

இன்றைக்குப் பார்த்தேன்.

"தண்ணி விட்டனான் எண்டு நினைக்கிறியோ?"
"இல்லையக்கா, மானி..."
"சோளகம் வீசுது. புல் எங்கை கிடக்கு?
உன்ரை மானிக்குப் புல்லுத் தெரியுமே?"

துடைத்துத் திரும்ப விட்டேன்.
இருபத்துநாலு.
அது பாவம், அதுக்கு மிதக்க மட்டும்தான் தெரியும்.

அவ மனேச்சரோடு கதைக்க உள்ளே போக
சைக்கிள் காரியரிலிருந்து மகன் இறங்கி வந்தான்,
அபிசன், ஐந்து வயது, ஒரு காலில் மட்டும் செருப்பு.
என்ன நினைத்தேனோ,
லாச்சிக்குள் கிடந்த தாள்களை எடுத்து வாசித்தேன்.
நாலாம் முறை எழும்பேல்லை வரும்போது
எனக்கு முதல் அவன் சொன்னான்.
பிறகு கேட்டான்:
"அப்ப மூத்திரம்? தண்ணிக்குள்ளையோ?"

கொழும்பு கேட்காத கேள்வி.
எனக்குப் பதில் தெரியவில்லை.

தவமலரக்கா கானை மூடிக்கொண்டு வந்தா.
"தேத்தண்ணிக்கடைக்குக் குடுக்கிறன்.
அவனிட்டை மானி இல்லை."
என்னைப் பார்க்காமல்
சைக்கிளைத் திருப்பினா.
கான் காரியரில் தாளம் போட்டபடி போனது.

பவுசர் போனபிறகு தாள்களை எண்ணினேன்.
பதினொன்று.
மழைப் பக்கத்தைக் காணவில்லை.
மேசைக்குக் கீழே பார்த்தேன், கானுகளுக்கு இடையில் பார்த்தேன்.
மழை இல்லாமல் ஒருமுறை வாசித்தேன்.
சரிபோலக் கிடந்தது.
திரும்ப வாசித்தேன்.
சரியில்லை.

அந்த மின்னஞ்சலை மூடினேன்,
அழிக்கவில்லை.
வேறு ஒரு முகவரிக்கு அனுப்ப
எழுதத் தொடங்கி, "மதிப்பிற்குரிய" வரைக்கும் வந்து,
கான் கழுவப் போய்விட்டேன்.

நாளைக்கு அவ வருவாவோ தெரியாது.
வந்தால்
பாலைப் பார்க்க முதல்
அந்தப் பக்கத்தைக் கேட்கவேணும்.