சரக்குச் சீட்டு

பனிக்கட்டி உடைந்து நதி திறந்த வாரம்
செயின்ட் லூயிஸ் துறையில் அதை ஏற்றினோம்.
சீட்டில் எழுதினேன்:
இயந்திரம், ஒன்று. பதினான்கு டன். சக்கரங்கள் தனியே.
புகைபோக்கியைச் சாக்கில் சுற்றி
வெல்லப்பாகுப் பீப்பாய்களுக்கு நடுவே கிடத்தினார்கள்.
வடம் இழுத்தவர்கள் ப்ரைமஸும் இன்னும் ஆறு பேரும்.
அவர்கள் கூலியை
அவர்களை வைத்திருந்தவர்கள் பெயரில் பற்று எழுதினேன்.
அதுதான் அன்றைய கணக்கு.

மூன்று படகும் பாதிக் கடனும் உள்ள அசேல் ப்ரூயிட்
வாடகை இருமடங்கு என்றார்.
போன வருஷம் சர்க்கஸ் யானைக்கு வாங்கிய அதே விகிதம்.
"நதியை யாரும் போடவில்லை,
யாரும் ஆணி அடிக்க வேண்டாம்" என்பார்,
பாலத்துக்கு எதிரான வழக்கில்
இரண்டு நாள் சாட்சி சொன்ன தொண்டையோடு.
சரக்கு என்றால் சரக்கு.

இயந்திரத்தோடு வந்தவன் ஐவன் ப்ரோதரோ, வேல்ஸ் பையன்.
அதன் அடியிலேயே படுத்தான்,
மூட்டு மூட்டாக எண்ணெய் விட்டான்.
அந்தப் பாரத்தால் 'லுசிண்டா'
இரண்டு முறை மணல்திட்டில் அமர்ந்தாள்.
இரண்டாம் இரவு, விஸ்கியும் கொசுவும்.
ப்ரூயிட் கேட்டார்: மணிக்கு எவ்வளவு போகும்?
முப்பது மைல், ஐயா.
நீரோட்டத்தோடா, எதிர்த்தா?

பையன் விழித்தான்.
கேள்வியே அவனுக்குப் புரியவில்லை.

ப்ரூயிட் குவளையைக் கீழே வைத்தார்.
வெகுநேரம் தண்ணீரைப் பார்த்திருந்தார்,
பாக்கி வைத்தவனைப் பார்ப்பதுபோல்.

பதினோரு வருஷம். நடுவில் ஒரு யுத்தம்.
எனக்கு இப்போது டிப்போவில் வேலை,
அதே கையெழுத்து, வேறு மசி.
உள்நாட்டு மாவு ஆலை ஒன்று
'லுசிண்டா'வின் பாய்லரை வாங்கியிருந்தது.
திறந்த வேகனில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள்.
ப்ரூயிட் வந்தார், ஒரு காலைச் சற்றே இழுத்துக்கொண்டு.
வாடகை எவ்வளவு?
சொன்னேன்.
யானைக்கும் இதுதானா?
யானைக்குக் குறைவு, ஐயா.

சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.
காசை எண்ணி வைத்தார், ஒவ்வொன்றாக,
கடைசி நாணயத்தைத் திருப்பிப் பார்த்து.
நான் எழுதினேன்: பாய்லர், ஒன்று.

வண்டி ஒரு முறை குலுங்கி நகர்ந்தது.
அடிவால்வில் எங்கோ தங்கியிருந்த பழைய நதி
சேறும் நீருமாய்ச் சொட்டியது,
கட்டைக்கு ஒரு சொட்டு, கட்டைக்கு ஒரு சொட்டு,
முதல் வளைவு வரை.
அதைச் சீட்டில் நான் சேர்க்கவில்லை.