இரண்டு குறைகிறது

விடுமுறைக்கு வந்தவளிடம்
செங்கோடன் மாமா கேட்பது ஒன்றுதான்:
'அங்கயும் அம்மா அப்பாதானாமே?'
கிட்டத்தட்ட, என்கிறேன்.
'பாத்தியா, நம்ம இளவரசி கப்பலேறிப் போன ஊரு'
என்று ரசத்தை ஊற்றிக்கொள்கிறார்.
பத்தாவது படிக்கும் நிவேதிகாவுக்கு
முடிக்கு நீலம் பூசிய பாட்டுக்காரப் பையன்கள் போதும்.
யாரையாவது நேரில் பார்த்தாயா என்கிறாள்.

நான் பார்த்தது கல்லறைகள்.
குவாங்ஜுவில், மே மாதம்,
வரலாறு படிக்க வந்த வெளிநாட்டு மாணவி என்று
கழுத்தில் அட்டை தொங்க.
ஒரு கட்டடத்தில் குண்டு துளைத்த இடங்களை
ஒவ்வொன்றாய் எண்ணி
எண்ணையே அதற்குப் பெயராக வைத்திருக்கும் ஊர்.
அன்று சந்தைப் பெண்கள் பிடித்துக் கொடுத்த
உப்புச் சோற்றுருண்டையை
இன்றும் பிடித்துக் கையில் வைக்கிறார்கள்.
தின்றுகொண்டே குறிப்பெடுத்தேன்.

பள்ளிக்கூடத்தோடு வந்த ஒரு பொடியன்,
சட்டையில் பெயர், சோ மின்-கியூ, மூன்றாம் வகுப்பு,
என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டான்:
உங்க ஊர்லயும் இப்படிச் சுட்டாங்களா?
ஒப்ஸொயோ, என்றேன்.
இல்லை. அப்படி எதுவும் இல்லை.
உச்சரிப்பு அன்றைக்குத்தான் சுத்தமாக வந்தது.

குளிர்காலம். நூலகம்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது என்று தேடினேன்,
ஜூன் மாதத்துப் போருக்காகத்தான்.
குறுக்கே வந்தது பிப்ரவரி பதினொன்று,
ஓர் அடிக்குறிப்பில், பொடி எழுத்தில்:
சேலம் மத்திய சிறை. துப்பாக்கிச் சூடு.
கைதிகள் இருபத்திரண்டு பேர்.
வேறு சேலமாக இருக்கும் என்று நினைத்தேன்,
அமெரிக்காவில்கூட ஒன்று உண்டே.

குகையிலிருந்து கோரிமேடு கல்லூரிக்கு
மூன்று வருடம், போக வர,
அந்த மதிலைப் பார்த்தபடிதான் டவுன் பஸ்.
பிப்ரவரியில் ஒருநாள்
சிலர் சிவப்புக் கொடியோடு கூடுவார்கள்.
பஸ் நகராது.
முதல் பீரியட் போச்சே என்று
யாரையோ திட்டியிருக்கிறேன்.

இன்று ஏற்காடு பஸ்.
அஸ்தம்பட்டியில் ஜன்னல் பக்கம் திரும்புகிறேன்.
மதில் மதிலாகவே இருக்கிறது,
சுண்ணாம்பு அடித்து, மேலே கம்பி சுற்றி,
நிழலில் ஒரு கரும்புச்சாறு வண்டி.
எண்ணுவதற்கு ஒரு துளையும் தெரியவில்லை.
இஸ்ஸொயோ, என்கிறது வாய் தானாக.
இருக்கு.
கண்டக்டர் காதில் விழுந்துவிட்டது.
'என்னம்மா இருக்கு? எறங்கணுமா?'
இல்லை என்று தலையாட்டினேன்.
மறுபடியும் இல்லை.

அடிவாரம் தாண்டி முதல் வளைவு.
பலகையில் எண் போட்டிருக்கிறார்கள்.
வளைவுக்கு ஓர் ஆள் என்று வைத்துக்கொண்டேன்.
பெயர்கள் இன்னும் மனப்பாடம் ஆகவில்லை,
மலபாரிலிருந்து கொண்டுவந்தவர்கள் நிறைய
என்பது மட்டும் நினைவிருக்கிறது.
ஏழாவதில் நிவேதிகா வாந்தியெடுத்தாள்,
எலுமிச்சம்பழம் தேடியதில் எட்டு தவறிவிட்டது,
ஒன்பதில் இருவரைச் சேர்த்து எண்ணினேன்.
மன்னிக்கட்டும்.
பிறகு காற்று குளிர்ந்தது,
சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது,
இருபதோடு வளைவுகள் தீர்ந்தன.

இரண்டு குறைகிறது.

ஏரிக்கரையில் மாமா மிளகாய் பஜ்ஜி வாங்கித் தந்து
'அங்க இதெல்லாம் கெடைக்குமா' என்றார்.
எச்சில் விரலை நக்கிக்கொண்டு
கிடைக்காது மாமா என்றேன்.
படகில் நின்றபடி நிவேதிகா
இரண்டு விரலால் இதயம் செய்து காட்டினாள்.

கடைசி பஸ்ஸில் இறங்கும்போது
இருபதாம் பலகையில் இருபத்தொன்று,
பத்தொன்பதில் இருபத்திரண்டு.
அதற்குப் பிறகும் வளைவுகள் வந்துகொண்டே இருந்தன,
ஒவ்வொரு திருப்பத்திலும் சேலம்
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்
விளக்குகளோடு இடம் மாறியது.

பொடியனின் விலாசம் என்னிடம் இல்லை.
இந்நேரம் நாலாம் வகுப்புக்குப் போயிருப்பான்.