பதினோராவது நிமிடம்

ஜனவரி. அக்குரேயரியில் காலை பத்து மணிக்கும் இருட்டு.
ஒன்பது மாணவர்கள், ஒன்பது ஊர்கள்.
நான் பாடம் நடத்துவது ஒரு பச்சை விளக்குக்கு.
கேமராவின் நெற்றியில் அது எரிகிறது,
ஒரு சந்தேகமும் கேட்பதில்லை.

செயல்வழிச் சிகிச்சை, இரண்டாம் ஆண்டு, கோட்பாடு.
தாளில் மூன்று வட்டங்கள் போட்டேன்:
ஆள். சூழல். செயல்.
மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் நடுவில்
மஞ்சள் தீட்டி
'இந்த இடம் எவ்வளவு பெரிதோ
அவ்வளவு நன்றாக இருக்கிறார் மனிதர்' என்றேன்.
இருபத்திரண்டு நிமிடக் காணொளி.
தொண்டையைச் செருமிய இடத்தை வெட்டினேன்.
பூனை வந்த இடத்தையும்.
வலையேற்றிவிட்டு சூப்பைச் சுடவைக்கப் போனேன்.

ஒரு வாரம் கழித்து வரைபடம் வந்தது.
யார் எங்கே நிறுத்தினார்கள், எங்கே ஓட்டித் தள்ளினார்கள்,
எல்லாம் ஒரே நீலக் கோடாக.
நான் பெருமைப்பட்டிருந்த நாலாவது நிமிடத்தில்
கோடு தரையோடு படுத்துக் கிடந்தது.
பதினொன்றில் மட்டும் ஒரு மலை.
ஒன்பது பேரும் அங்கே திரும்பிப் போயிருக்கிறார்கள்.
எய்டிஸ் ஆறு முறை.

அங்கே என்ன உளறித் தொலைத்தேன்?
வரையறையைப் பழைய நூல்களோடு ஒப்பிட்டேன்.
எளிய சொற்களில் துணைக்குறிப்பு எழுதி அனுப்பினேன்,
கூடவே ஒரு வினாடி வினா.
எல்லோரும் பத்துக்குப் பத்து.
மலை அப்படியே நின்றது.

நடுவில் சோல்வியின் ஒப்படைப்பு வந்தது.
மீன்பிடிக் கப்பலில் சமையல்காரன் அவன்,
துறைமுகம் விடுமுன் பாடங்களை இறக்கி வைத்துக்கொள்கிறவன்.
மேசைமேல் மூன்று பாத்திர மூடிகள் உள்ள ஒரு படம்.
கீழே எழுதியிருந்தான்:
'ஸ்வான்ஹில்டுர், கப்பல் சாய்ந்தால் சூழல் வந்து ஆளை இடிக்கிறது.
செயல் சின்ன மூடி, விழுந்துவிட்டது.
உங்கள் மஞ்சளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.
இதற்கிடையில் பதினான்கு பேருக்குச் சோறு.'
மதிப்பெண் பெட்டியில்
கர்சர் வெகுநேரம் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

கடைசியில் எய்டிஸிடம் நேராகவே கேட்டேன்:
பதினோராவது நிமிடத்தில் என்ன புரியவில்லை?
பிள்ளை தூங்கிய பிறகு படிக்கிறவள்;
பதில் வர இரண்டு நாள் ஆயிற்று.

'புரியாமல் இல்லை.
பதினொன்று இருபதில், பேச்சை நிறுத்தாமலே,
மஞ்சள் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றுகிறீர்கள்.
தாள் நகராமல் இடது முழங்கை அதன்மேல் இருக்கிறது.
அந்தக் கையின் விரல்கள் ஒரு முறைகூட விரியவில்லை.
தீட்டி முடித்ததும் மூடியை மேசையில் நிற்க வைத்து
பேனாவைத் தலைகீழாக அதற்குள் இறக்குகிறீர்கள்.
நான் இரவு வேலை பார்க்கும் இல்லத்தில்
பால்ட்வின் என்றொருவர் இருக்கிறார்.
பக்கவாதத்துக்குப் பின் குறுக்கெழுத்தைத் தொடாதவர்.
அவருக்கு அதைப் போட்டுக் காட்டினேன்.
ஒலியை அணைத்துவிட்டு. மன்னியுங்கள்.
ஐந்தாவது முறைக்குப் பிறகு பேனா கேட்டார்.'

நாலு வருடமாக நாற்காலியைச் சற்று வலமாகப் போட்டு
சட்டத்துக்கு வெளியே வைத்திருந்த கை அது.
செருமலை வெட்டினேன், பூனையை வெட்டினேன்,
இதை வெட்டாமல் விட்டதற்குக் காரணம் துணிச்சல் இல்லை.
கண்ணிலேயே படவில்லை.
பல் துலக்குவதுபோல ஆகியிருந்தது.

அன்றிரவு கத்தரிக்கோல் குறியை அந்த மலைமேல் கொண்டுபோனேன்.
முப்பத்தாறு வினாடி.
வெட்டினால் பாடம் கெடாது,
வாக்கியம்கூட உடையாது.
கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்துவிட்டு
கணினியை மூடினேன்.

பிப்ரவரியில் புதிதாகப் பதிவு செய்தேன்.
கேமரா ஓரடி பின்னால் போயிற்று.
இப்போது மேசை முழுதும் தெரிகிறது, பூனையின் வாலும்.
வட்டங்கள் வரையவில்லை;
ஒரு தட்டில் மூன்று மூடிகளை வைத்துச் சாய்த்தேன்.
ஒன்று உருண்டு அலமாரிக்கு அடியில் போனது,
எடுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனதோ
அவ்வளவும் அதில் இருக்கிறது.

சோல்விக்கு ஒன்பது போட்டேன்.
விழுந்த மூடியை எப்படி எடுத்தான் என்று
அவன் எழுதவில்லை.