இரண்டு சுருளில் ஒரு நாய்

குரோனிங்கன். கார் நிற்க வேண்டிய கொட்டகையில்
மூன்று நாற்காலி, ஒரு ஹீட்டர், பிப்ரவரி.
வீபே டப்பாவைத் திறந்ததும்
காடி நெடி மூக்கில் ஏறியது.
"இன்னும் ஐந்து வருஷம் தாங்கும்" என்றான்,
ஆஸ்பத்திரியில் கிடக்கும் மாமாவைப் பற்றிச் சொல்வதுபோல.

முதல் சுருள் பெர்லினில் வெட்டி ஒட்டியது.
சந்தையில் இருநூற்றுப் பத்து யூரோ.
எக்காளம், கழுகு,
கடுகளவும் சந்தேகமில்லாத ஒரு குரல்.
எதிரியின் துறைமுகம் எரிகிறது, என்கிறது.
புகைக்கு அடியில்
ஒரு பின்காலைத் தூக்கியபடி
இடமிருந்து வலமாக ஓடுகிறது நாய்.

இரண்டாவது லண்டன் சரக்கு.
இந்தக் குரல் தேநீர் குடித்துவிட்டு வந்திருக்கிறது.
எதிரியின் எண்ணெய்க் கிடங்கு, என்கிறது.
அதே புகை.
வலமிருந்து இடமாக
அதே கால், அதே நாய்.

நிறுத்தினால் விளக்குச் சூட்டில் படம் பொசுங்கும்.
ஓடவிட்டே கத்தினோம்,
லாட்டரி விழுந்தவர்கள் மாதிரி.

பிறகு இரண்டு மணி நேரம் சண்டை:
யார் திருப்பிப் போட்டது?
ஓரத்தில் நிற்பவனின் கோட்டுப் பொத்தான்
எந்தப் பக்கம்?
கடைப் பலகையில் இருப்பது எழுத்தா, கரியா?
எந்த ஊர் எரிகிறது என்று
நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்.
அணிவகுப்பு இசை வந்தபோது
என் கால் தாளம் போட்டது.
நான் போடவில்லை. கால் போட்டது.
போன மாதம் ஓல்டன்பர்க்கிலிருந்து ஒருவர் வந்து
கழுகு போட்டவை மட்டும் போதும் என்றார்,
விலையே கேட்காமல்.
வீபே எல்லாம் விற்றுவிட்டது என்று பொய் சொன்னான்.
அன்று அந்த ஆளின் கால்களைப் பார்த்து
முகம் சுளித்தவன் நான்.

லண்டன் சுருளை நான் வாங்கிக்கொண்டேன்.
மற்றதை அவன் தர மாட்டான்.
ஆறு வாரத்துக்கு ஒருமுறை
டப்பாவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிறேன்.
இரண்டு எந்திரம், ஒரே படுக்கை விரிப்பு.
குரல்களை அணைத்துவிடுவோம்.
இரு ஓரத்திலிருந்தும் அது தன்னை நோக்கி ஓடி வருகிறது.
நடுவில் ஒரு கணம்
இரண்டு தலை, எட்டுக் கால், ஏகப்பட்ட புகை.
பிறகு தன்னைக் கடந்து போய்விடுகிறது.

நேற்று ஃபெம்கே ஏணி கேட்டு வந்தாள்.
வாசலில் நின்றபடியே பார்த்தாள்.
"அப்புறம் அதற்கு யாராவது சோறு போட்டார்களா?"

வீபே சுருளை வெளிச்சத்தில் பிடித்து
நகத்தால் எண்ணினான்.
"பதினோரு வினாடி" என்றான்.
"அதோடு வெட்டிவிட்டார்கள்."