மூன்றாம் குற்றச்சாட்டு

இருபத்தாறு ஆண்டுகளாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
மாதத்தில் சில நாள் மட்டும்
நீதிபதிக்கு இடப்பக்கத்து நாற்காலி.
சட்டம் படிக்காதவர்களும் தீர்ப்பில் அமரட்டும் என்று
சுவீடனில் எங்களுக்கு ஒரு வழக்கம்.
இதுவரை வந்தவை
திருட்டுச் சைக்கிள், குடித்துவிட்டு ஓட்டிய படகு,
மைத்துனன் மண்டையில் இறங்கிய காபிக் குடுவை.

பிறகு வந்தது
வரைபடத்தில் விரல் வைத்துத் தேடிய நாட்டின் போர்.

"எங்கே நடந்திருந்தாலும்,
செய்தவர் எந்நாட்டவர் ஆனாலும்."
கடைசி நிறுத்தம் எழுதாத பேருந்துப் பலகையைப் போல
அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

நம் வரிப்பணத்தில் யார் சண்டைக்கோ தீர்ப்பா
என்றான் பணிமனையில் இங்கேமார்.
சாலையில் குறுக்கே ஓடும் பிள்ளை
யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்தா
பிரேக்கை மிதிக்கிறாய் என்றேன்.
அவன் டயரைத் தட்டிக்கொண்டிருந்தான்.

எங்கள் மன்றத்தில் கூண்டு இல்லை.
மேசை, தண்ணீர்க் குவளை,
பின்னால் வார்னி டோலோ.
வடக்கே ஏதோ ஒரு நகராட்சியில்
விடிவதற்குள் உறைபனியில் சரளை தூவுகிறவர்.
யாரோ அப்படித் தூவுவதால்தான்
என் பிள்ளைகள் வழுக்காமல் ஏறுகிறார்கள்.
லைபீரியாவில் அன்று அவர் பெயர்
கர்னல் மழைக்காலம்.

கார்மாய் ஃப்ளோமோ திரையில் வந்தாள்.
மன்ரோவியாவில் ஓர் அறை, தலைக்குமேல் மின்விசிறி.
கை உயர்ந்து இரண்டு நொடி கழித்துத்தான்
குரல் எங்களிடம் வந்து சேர்ந்தது.

தேதி என்ன என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்.

"தேதி தெரியாது. ரப்பர்க் காய் வெடிக்கிற மாதம்.
சோதனைச்சாவடியில் நிற்கிறோம், மேலே டப் டப் என்கிறது.
ஒவ்வொரு சத்தத்துக்கும் தம்பி குனிந்தான்.
அவர்கள் சிரித்தார்கள்."

மொழிபெயர்ப்பாளர்
சிரித்தார்கள் என்ற சொல்லுக்கு முன்
ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

தம்பியைக் கொட்டகைக்கு இழுத்துப் போனது யார்?
"மழைக்காலத்தின் பையன்கள்."
அவர் அங்கே இருந்தாரா?
"குரல் கேட்டது."
முகம்?
"விளக்கு இல்லை."

நல்ல கேள்விதான். நான் குறித்துக்கொண்டேன்.
குறித்துக்கொண்ட கையை
அன்று இரவு வரை பிடிக்கவில்லை.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார் நீதிபதி.
"தம்பி பெயரை அங்கே எப்படி எழுதியிருக்கிறீர்கள்?"
எழுத்தர் வாசித்தார்: யார்க்பலோ.
"நடுவில் 'வோ' வரும். யார்க்பவோலோ.
பள்ளிக்கூடத்திலும் அதைத்தான் விழுங்கினார்கள்."
எழுத்தர் திருத்தினார். விசைப்பலகைச் சத்தம்
இரண்டு நொடி கழித்து அவளுக்குக் கேட்டிருக்கும்.
தலையசைத்தாள்.

உள்ளறையில் யார் என்ன சொன்னோம் என்று
வெளியே சொல்லக் கூடாது. சொல்லவில்லை.
பேனா மூடியைக் கடித்து உடைத்தது நான்
என்பது மட்டும் ரகசியத்தில் சேராது.

கிராமத்தை எரித்தது: நிரூபணம்.
சுமைதூக்க ஆட்களை அடித்து ஓட்டியது: நிரூபணம்.
அவற்றுக்கே அவர் கிழவராகும் வரை உள்ளே இருப்பார்.
மூன்றாம் குற்றச்சாட்டு,
இருநூற்றுப் பதினான்காம் பக்கம்:
யார்க்பவோலோ ஃப்ளோமோவின் கொலை
ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை.

வோ இருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

இருட்டில் ஒரு குரல் போதாது என்ற விதி
நாளை என் மகனையும் காக்கும்,
எனக்குத் தெரியும்.
தெரிந்தும் மன்றத்துப் படியில்
கையுறை மாட்ட வராமல் நின்றிருந்தேன்.

திங்கட்கிழமை பேருந்தை எடுத்தேன்.
சரளை தூவியிருந்தது.
மரஆலை நிறுத்தத்தில் புதிதாய் ஒரு சிறுமி,
பட்டியலில் இல்லை.
பெயர் கேட்டேன். சொன்னாள். எனக்குப் பிடிபடவில்லை.

எப்படி எழுதுவாய் என்றேன்.
பின்னால் கார்கள் வரிசை கட்ட,
கதவு வழியே குளிர் ஏறி வர,
அவள் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்.